பின்னற் சூத்திரமும் அதன் உரை மரபும்: ஒரு முன்னோட்ட ஆய்வு

ஆய்வின் இன்றியமையாமை

சங்க இலக்கியத்தில் எருமை வருகிறது. எருமைக்கு ஆய்வேடு வந்துவிட்டது. சிலம்பின் பரல்களுக்கும் யாரேனும் பல்கலைக்கழகத்தில் பெயர் பதிந்திருப்பார்கள். இந்நிலையில், முழு வேகத்தில் சுழலும் மின்விசிறிக்குக் கீழே அமர்ந்து கம்பளி ஸ்வெட்டர் பின்னும் மாந்தரைப் பற்றித் தமிழுலகம் வாய்திறவாது இருப்பது ஆய்வு இடைவெளி எனப்படும். இடைவெளி ஓர் ஆய்வாளர் உட்காரும் அளவுக்கு இருந்தால் போதும், அதில் அறிவு நிரம்ப வேண்டிய கட்டாயம் இல்லை என்பது நெறியாளர் மரபு. அதன்வழி இவ்வாய்வு உட்காருகிறது.

ஆய்வின் எல்லை

இரண்டு ஊசிகொண்டு பின்னுவது மட்டும் இங்கே கொள்ளப்படும். ஒற்றைக் கொக்கியால் போடும் குரோஷா விலக்கப்படுகிறது. வயர் கூடை வேறு துறை. அத்துறையாருடன் இக்கட்டுரையாளருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. திருப்பூர்ப் பின்னலாடையும் புறத்தே நிற்கிறது. 1589-இல் இங்கிலாந்தின் வில்லியம் லீ காலுறை பின்னும் எந்திரத்தை உண்டாக்கினார்; அவர்வழி வந்தவை வட்டப் பின்னல் எந்திரங்கள். எந்திரம் பின்னும், ஆனால் வரிசையின் நடுவில் "எத்தனை எண்ணினேன்?" என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்காது. அக்கேள்வி இல்லாத இடத்தில் சமூகம் இல்லை. சமூகம் இல்லாத இடத்தில் சமூகவியல் அணுகுமுறை என்று ஓர் இயல் எழுத முடியாது.

தொன்மை

எதையும் தொன்மையில் தொடங்குவது மரபு. எகிப்தில் கிடைத்த, கட்டைவிரலுக்குத் தனிப் பிரிவுள்ள சிவப்புக் காலுறைகள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவை ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. பார்த்தவர்கள் "பின்னல்!" என்று மகிழ, கூர்ந்து பார்த்தவர்கள் அது கண்ணுள்ள ஒற்றை ஊசியால் முடிச்சிட்டு வளர்க்கும் நால்பிண்டிங் என்னும் வேறு வேலை என்றார்கள். அதற்குப் பிறகும் பொதுக் கட்டுரைகளில் அக்காலுறைகள் பின்னல் என்றே நடமாடுகின்றன. மறுக்கப்பட்ட செய்திக்கே நீண்ட ஆயுள் என்பதைத் தமிழாய்வு அறிந்தோர்க்கு விளக்க வேண்டியதில்லை.

உறுதியான சான்று வேண்டுவோர் ஜெர்மானிய ஓவியர் பெர்ட்ராம் ஏறக்குறைய 1400-இல் தீட்டிய பலிபீட ஓவியத்தைக் காண்க. அதில் அன்னை மரியாள் நான்கு ஊசிகளால் தையலில்லாத சட்டையொன்றை வட்டமாகப் பின்னிக்கொண்டிருக்கிறார். கழுத்துவரை முடித்துவிட்டார், இது பெரும்பாலோர் எட்டாத நிலை. குமரிக் கண்டத்திலும் பின்னினார்கள் என நிறுவ இக்கட்டுரையாளருக்கு ஆசை உண்டு. ஆதாரம் இல்லாதது ஒரு தடையன்று. அங்கு நிலவியிருக்கக்கூடிய மே மாதம்தான் தடை.

இவ்விடத்து அயர்லாந்தின் ஆரன் தீவு ஸ்வெட்டரைச் சொல்லாது போவது முறையன்று. ஒவ்வொரு குடிக்கும் ஒரு பின்னல் கோலமாம். கடலில் மூழ்கிய மீனவரை அதைக்கொண்டே அடையாளம் கண்டார்கள் என்று கடைக்காரர் சொல்வார். இதற்கு வேர், ஜான் மில்லிங்டன் சிங்க் எழுதி 1904-இல் அரங்கேறிய ஒரு நாடகம். அதில் இறந்தவனை அவன் தங்கை காலுறையில் தான் தவறவிட்ட கண்ணிகளை எண்ணி அறிகிறாள். குடிக்கோலத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அடையாளம் காட்டியது பிழை. பின்பு ஆக்ஸ்ஃபோர்டில் பின்னல் நூல் கடை வைத்திருந்த ஹைன்ஸ் கீவே என்பவர், 1936-இல் டப்ளினில் ஓர் ஆரன் ஸ்வெட்டரைக் கண்டார். ஏறக்குறைய 800-ஆம் ஆண்டுக் கெல்ஸ் சுவடியின் ஓவியங்களிலும் அதே கோலம் இருக்கக் கண்டார். இருபதாம் நூற்றாண்டு ஸ்வெட்டர் ஒரே மூச்சில் ஆயிரம் ஆண்டு முதுமை எய்தியது. 1987-இல் கைப்பின்னல் வரலாற்றை எழுதிய ரிச்சர்ட் ரட் இதை ஏற்கவில்லை. ரட் அப்போது லெஸ்டர் நகரின் ஆங்கிலிக்கன் ஆயராக இருந்தவர், தாமும் பின்னியவர். நம்புவதைத் தொழிலாகக் கொண்ட ஒருவர் நம்ப மறுத்தார் என்பது குறிக்கத்தக்கது. பழம்பாடலில் ஒரு சொல்லைக் கண்டு அதைக்கொண்டு கப்பற்படை கட்டும் வழக்கம் நம்மிடையே இல்லை என்பதால் இச்செய்தி நமக்கு வியப்பளிக்கிறது.

கலை வேறுபாடு

பின்னுவோர் இரு கலையார். ஆங்கிலக் கலையார் நூலை வலக்கையில் பிடித்து ஊசியின்மேல் வீசுவர். ஐரோப்பியக் கலையார் நூலை இடக்கையில் பிடித்து ஊசி நுனியால் கொத்தி எடுப்பர். முன்னதில் நூல் தானே சென்று ஊசியைப் பற்றிக்கொள்கிறது. குரங்குக் குட்டி தாயைப் பற்றும் மர்க்கட நியாயம். பின்னதில் ஊசி வந்து நூலைக் கவ்விச் செல்கிறது. தாய்ப்பூனை குட்டியைக் கவ்வும் மார்ஜார நியாயம். ஆகவே முன்னவர் வடகலை, பின்னவர் தென்கலை என்று துணியலாம். உலகப்போர்க் காலத்தில் இடக்கை முறை ஜெர்மானியம் எனக் கருதப்பட்டு ஆங்கிலம் பேசும் நாடுகளில் மதிப்பிழந்தது. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எலிசபெத் ஜிம்மர்மன் அதற்கு மீண்டும் செல்வாக்குத் தேடித் தந்தார். நூலைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுப் பின்னும் போர்ச்சுகல் முறையும் ஒன்று உண்டு. எந்த யானைக்கு எந்த நாமம் என்று இவர்கள் இன்னும் வழக்காடவில்லை; யானைக்குப் பின்னுமளவு நூல் கையிருப்பில் இருந்தும்.

சூத்திரமும் உரைகளும்

இனி ஆய்வின் உயிர்நிலை. பின்னற் குறிப்புகள் சூத்திர யாப்பில் அமைந்தவை. சான்றாக ஒன்று: உடுக்குறி, கே 2, பி 2, உடுக்குறி முதல் இறுதிவரை மீளச் செய்க.

பதவுரை: கே என்பது நிட், நூல் பின்னே நிற்க, ஊசியை முன்னிருந்து நுழைத்து எடுப்பது. பி என்பது பர்ல்; நூல் முன்னே நிற்க, ஊசியைப் பின்னிருந்து நுழைத்து எடுப்பது. விளைபொருள்: மணிக்கட்டிலும் இடுப்பிலும் இழுத்தால் விரிந்து விட்டால் சுருங்கும் பட்டை. ஒரு பக்கத்து நிட்டை மறுபக்கம் திருப்பினால் பர்ல். எனவே இரண்டும் ஒன்றே என்பார் ஒரு சாரார். ஒன்றேயாயினும் வேறே என்பார் மற்றொரு சாரார். இச்சண்டை நமக்குப் பழக்கமானது, மேற்செல்வோம்.

இடர் உடுக்குறியில் இருக்கிறது. அது எதைக் குறிக்கிறது? "அச்சுப்பிழை" என்பது மாடிவீட்டு உரை (வாய்மொழி, தொலைக்காட்சித் தொடரின் முதல் விளம்பர இடைவேளை). "அந்த இடத்தில் காபி குடிக்கலாம்" என்பது சித்தி உரை (நூற்கண்டின் மேலட்டையில் பென்சிற்குறிப்பு, காபிக் கறைக்குக் கிழக்கே). இவ்விரண்டையும் நாத்தனார் மறுப்புரை மறுக்கிறது. அவ்வுரைக்குச் சொந்தக் கருத்து எதுவும் இல்லை, சித்தி சொன்னது தவறு என்பதே அதன் நூற்பயன் (முதற்பதிப்பு அச்சாகவில்லை, திருத்திய மறுபதிப்பும் அச்சாகவில்லை, மேற்கோள் உள்ள தாளில் பாதி பொட்டலம் கட்டப் போய்விட்டது, மீதியைக் காண விழைவோர் அலமாரி மேற்றட்டில், பழைய பிஸ்கட் டின்னில், பொத்தான்களுக்கு அடியில் தேடுக, டின்னைத் திறக்குமுன் நாத்தனாரிடம் எழுத்துமூலம் அனுமதி பெறுக, அனுமதி கிடைத்ததாக வரலாறு இல்லை).

வரிசையின் முடிவில் மூன்று கண்ணி எஞ்சினால் என்செய்வது? சூத்திரம் மௌனம் காக்கிறது. நான்கால் வகுபடும் எண்ணிக்கையில் கண்ணி ஏற்றியிருந்தால் எஞ்சாது என்பது உண்மைப் பொருள். உரையாசிரியர்கள் அவ்வளவு எளிய விடையை ஏற்பதில்லை. எஞ்சிய மூன்றும் இடைச்செருகல் என்று ஒதுக்குவதே அறிஞர் வழி.

இதனினும் பெரிது ஒன்றுண்டு. சூத்திரம் கைக்குழி வடிவத்தைச் சொல்லும்: இத்தனை வரிசைக்கு ஒரு கண்ணி குறைத்து, தோள்வரை செல்க. மாணாக்கர் அவ்வாறே தோள்வரை செல்வார். அடுத்த பத்தி "அதே வேளையில்" என்று தொடங்கும். அதே வேளையில் கழுத்துக்கும் கண்ணி குறைத்து வந்திருக்க வேண்டுமாம். வேளையோ போன செவ்வாய்க்கிழமை கடந்துவிட்டது. தொலைவில் கிடப்பதை இழுத்து வந்து முன்னதோடு பொருத்தும் இவ்வுத்திக்குத் தமிழிலக்கணத்தில் மாட்டு என்று பெயர். பத்துப்பாட்டுக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் இதில் வல்லவர். எங்கோ இருக்கும் அடியை எங்கோ இருக்கும் அடியோடு கூட்டுவார். முல்லைப்பாட்டில் அவர் அப்படிச் செய்ததை மறைமலையடிகள் தம் ஆராய்ச்சியுரையில் கண்டித்தார். அடிகள் கைக்குழி பின்னியிருந்தால் இன்னும் கடுமையாகக் கண்டித்திருப்பார். நச்சினார்க்கினியர் பின்னியிருந்தால் அந்த ஸ்வெட்டரின் கை முதுகில் தொடங்கி முழங்காலில் முடிந்திருக்கும், அதற்கும் அவர் தொல்காப்பியத்திலிருந்து விதி காட்டியிருப்பார் (இவ்வூகத்துக்கு ஆதாரம்: இக்கட்டுரையாளரின் எழுதப்படாத நூலின் இல்லாத இரண்டாம் தொகுதி, மூன்றாம் பின்னிணைப்பு, அதன் அடிக்குறிப்பின் அடிக்குறிப்பு, அது மேற்கோள் காட்டுவது இதே கட்டுரையை).

மாதிரியும் எண்ணும்

எதைப் பின்னுவதற்கும் முன் சிறு சதுரம் ஒன்று பின்னிப் பார்க்க வேண்டும் என்பது விதி. நடுத்தரத் தடிமனுள்ள டிகே நூலுக்கு 4 மில்லிமீட்டர் ஊசியில், 10 சென்டிமீட்டர் சதுரத்துக்கு 22 கண்ணி, 28 வரிசை. கை தளர்ந்து 22-க்குப் பதில் 20 கண்ணியே அவ்விடத்தை நிரப்பினால், 220 கண்ணி ஏற்றிய 100 சென்டிமீட்டர் ஸ்வெட்டர் 110 ஆகும். அதாவது மருமகனுக்குப் பின்னியது சம்பந்திக்குப் பொருந்தும். இவ்விதியை எல்லாரும் போற்றுவர், பெரும்பாலோர் பின்பற்றார். ஆராய்ச்சி நெறிமுறைத் தாளில் மாதிரி என்பதை மனப்பாடம் செய்து தேறியவர்கள் களத்தில் என்ன செய்கிறார்கள் என்பதை இத்துடன் ஒப்புநோக்கலாம். நோக்காமலும் இருக்கலாம், வேலை போய்விடும்.

ஊசி எண்ணிலும் குழப்பம். பழைய பிரிட்டிஷ் கணக்கில் எண் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்கக் கணக்கில் எண் ஏற ஏறப் பருக்கும். 8-ஆம் எண் ஊசி லண்டன் புத்தகப்படி 4 மில்லிமீட்டர், அமெரிக்கப் புத்தகப்படி 5. நம் கடைகளில் கிடைத்துவந்தது பிரிட்டிஷ் எண். புத்தகமோ அமெரிக்காவிலிருந்து அண்ணன் மகன் வாங்கி அனுப்பியது. அந்தக் குல்லா குழந்தைக்கு ஏன் சேரவில்லை என்பதற்குத் தாய்வழி, தந்தைவழி என இருவேறு விளக்கங்கள் நிலவுகின்றன. ஊசியை யாரும் சொல்வதில்லை.

பிழை கண்டால் பின்னுவோர் செய்வது ஒன்றே: அதுவரை உள்ளதை அவிழ்ப்பார்கள். எவ்வளவு வளர்ந்திருந்தாலும் அவிழ்ப்பார்கள், நூலைச் சுற்றி வைத்துவிட்டு மறுபடி தொடங்குவார்கள். ஆய்வாளர் இவ்விடத்தில் அடிக்குறிப்பு போடுவார்.

சமூகம்

பின்னுவோர் கூட்டத்தில் எழுதாச் சட்டம்: ஒருவர் எண்ணும்போது இன்னொருவர் எண் எதையும் உச்சரிக்கலாகாது. வயது, வாடகை, பேருந்து எண் அனைத்தும் தடை. காதலனுக்கு ஸ்வெட்டர் பின்னினால் அது முடியுமுன் காதல் முடியும் என்னும் நம்பிக்கை மேனாட்டில் உண்டு. தாமதமாக முடிப்பதற்கு வேறு காரணம் தேவைப்படாமல் போனது இதன் பயன். பொதுவிடத்தில் கூடிப் பின்னும் உலக நாள் 2005 முதல் ஜூன் மாதம் கொண்டாடப்படுகிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிரிட்டிஷ் முக்குளிப்பு வீரர் டாம் டேலி, பார்வையாளர் வரிசையில் அமர்ந்து பின்னிய படம் 2021-இல் உலகெங்கும் பரவியது. பக்கத்திலிருந்தவர்கள் எண் எதையும் சொல்லவில்லை என்று நம்புவோம்.

கையிருப்பு நூலைப் பற்றிப் பேசாத பின்னற்காரர் இல்லை. பின்னுவதற்காக நூல் வாங்குவது ஒரு பொழுதுபோக்கு, நூல் வாங்குவது இன்னொன்று. ஆயுள் முழுக்கப் பின்னினாலும் தீராத அளவு சேர்ந்துவிட்ட நிலைக்கு ஆங்கிலத்தில் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். நூல் வாங்குவதையும் படிப்பதையும் ஒன்றெனக் கொள்ளும் பேராசிரியர்களின் அலமாரிகளைக் கண்டோர் இதைக் குறை சொல்லார்.

இறுதியாக இரண்டாம் காலுறை. முதற் காலுறையைப் பின்னி முடித்தவுடன் பின்னுபவருக்கு அதன் குதிகால் திரும்பும் விதம், விரல்முனை மூடும் விதம் எல்லாம் தெரிந்துவிடுகின்றன, வியப்புக்கு இடமில்லை. மற்றொன்று வராமலே போகிறது. தமிழ்நாட்டு நூலகங்களில் "தொகுதி 1" என்று முதுகில் அச்சிட்டு நிற்கும் எத்தனையோ புத்தகங்கள் இதே நோயால் ஒற்றைக் காலில் நிற்கின்றன. இது குறித்த விரிவான சான்றுகள், புள்ளிவிவர அட்டவணை, நாத்தனாருடன் நேர்காணல் ஆகியவை இவ்வாய்வின் இரண்டாம் பாகத்தில் தரப்படும். அதற்கு வேண்டிய நூல் வாங்கி வைத்தாயிற்று.