கித்தாக் கொட்டையில் ஒரு துளை

பத்து வயதில் என்னிடம் கித்தாக் கொட்டை, அதாவது ரப்பர் விதை, கோணிக் கணக்கில் இருந்தது, துளை போட ஒரு ஊசி இல்லை. இன்று மேசை இழுப்பறையைத் திறந்தால் 0.5 மில்லிமீட்டரிலிருந்து 3 மில்லிமீட்டர் வரை டிரில் ஊசிகள் வரிசையாகக் கிடக்கின்றன. கொட்டைதான் இல்லை.

மலேசியாவில் எங்கள் ஊரின் பெயர் அப்போது தெலுக் ஆன்சன். தெலுக் இந்தான் என்ற பெயர் 1982இல் வந்தது. பட்டணத்துக்கு வெளியே தோட்டத்து லயத்தில் நாங்கள் குடியிருந்தோம். காய் முற்றும் பருவத்தில், உச்சி வெயிலில், கித்தாக் காடு முழுக்க 'படக் படக்' என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு காய் வெடித்தால் மூன்று கொட்டை. பழுப்பும் சாம்பலுமாகப் புள்ளி போட்டு, எண்ணெய் தடவியது போல மினுங்கும். சிமெண்டுத் தரையில் தேய்த்து அடுத்தவன் தொடையில் சூடு வைப்போம். ஒன்றன்மேல் ஒன்றை வைத்து உள்ளங்கையால் அழுத்தி, எவன் கொட்டை உடைகிறது என்று பந்தயம் கட்டுவோம்.

இதெல்லாம் சில்லறை விளையாட்டு. காற்றாடி செய்யத் தெரிந்தவனுக்குத்தான் லயத்தில் மரியாதை. கொட்டையின் மேலே ஒரு துளை, அடியில் ஒரு துளை, பக்கவாட்டில் நூலுக்குச் சின்னதாக இன்னொன்று. உள்ளே இருக்கும் பருப்பைச் சுரண்டி எடுக்க வேண்டும். அது பச்சையாகத் தின்றால் நஞ்சு, கையைக் கழுவாமல் அடுப்படிக்குள் வரக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். பிறகு தென்னை ஈர்க்கை மேலிருந்து கீழாகச் செருகி, நூலை அதில் கட்டி, பக்கத் துளை வழியே வெளியே விட்டு, உச்சியில் மூங்கில் சீவலை இறக்கையாக மாட்ட வேண்டும். நூலை இழுத்தால் சுற்றும். விட்டால் தானே சுருட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் சுற்றும்.

துளை போட எங்களுக்கு வாய்த்தது குடைக்கம்பி. அடுப்பில் பழுக்கக் காய்ச்சி வைத்து அழுத்துவோம். கொட்டை வழுக்கும், கம்பி விலகும், ஓடு பிளக்கும். பத்தில் ஏழு போய்விடும். போனால் என்ன, வாசலுக்கு வெளியே நிறையக் கிடக்கிறதே என்று அடுத்ததை எடுப்போம்.

துளை போடுவது எப்படி என்று நான் முதன்முதலில் பார்த்தது ஒரு பத்தரிடம். அம்மாவின் தோட்டைச் சரிசெய்யப் பட்டணத்துக்குப் போயிருந்தோம். சாய்ந்த மணிக்கூண்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்னக் கடை. அவர் கையில் ஒரு வில் இருந்தது. வில்லின் கயிறு ஒரு மரக்கட்டையைச் சுற்றி ஓடியது. கட்டையின் நுனியில் ஊசி. வில்லை முன்னும் பின்னும் இழுக்க, ஊசி இரண்டு பக்கமும் சுழன்று பவழத்தைச் சுரண்டியது. பவழமோ அசையாமல் அரக்கில் பதிந்து உட்கார்ந்திருந்தது. என் கால்சட்டைப் பையில் இருந்த கொட்டையை நீட்டினேன். அம்மா அதட்டினார். பத்தர் சிரித்தபடி வாங்கி, அரக்கைச் சூடுகாட்டி அதில் பதித்து, பத்து இழுப்பில் துளைத்துக் கொடுத்தார். விளிம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

"ஊசியப் பாக்காத தம்பி. ஊசியப் புடிச்சிருக்கிறது எதுன்னு பாரு."

அந்தப் பேச்சு எனக்கு விளங்க ஐம்பது வருஷம் ஆனது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பேத்திக்கு அந்தக் காற்றாடியைச் செய்து கொடுக்க ஆசைப்பட்டு, உள்ளங்கையில் அடங்கும் சுழல் மெஷின் ஒன்று வாங்கினேன். டிரெமல் நிறுவனம் 1930களில் அமெரிக்காவில் பிரபலமாக்கிய வகை அது. நிமிஷத்துக்கு முப்பதாயிரம் சுற்றுக்கு மேலும் ஓடும். ஊசியைப் பிடித்துக்கொள்ள, சாவியில்லாத மூன்று தாடை சக் ஒன்றையும் சேர்த்து வாங்கினேன். எந்த அளவு ஊசியையும் கையாலேயே முறுக்கி மாட்டிவிடலாம் என்ற வசதிக்காக. டங்ஸ்டன் கார்பைடு ஊசி எஃகைவிடக் கடினம் என்று படித்து அதையும் வாங்கினேன். ஒரே மாலையில் நான்கு ஊசி முறிந்தது.

ஒரு தாடை மயிரிழை விலகி உட்கார்ந்தாலும் ஊசியின் நுனி வட்டமடிக்கும். 3 மில்லிமீட்டர் ஊசிக்கு அந்தத் தள்ளாட்டம் பெரிதில்லை. 0.8 ஊசிக்கு 0.1 மில்லிமீட்டர் ஆட்டம் என்றால் அதன் தடிமனில் எட்டில் ஒரு பங்கு. எஃகு ஊசி கொஞ்சம் வளைந்து கொடுக்கும், கார்பைடு வளையாது, முறியும். சர்க்யூட் பலகைத் தொழிற்சாலையில் அசையாத இயந்திரத்தில் ஓடுவதற்காகச் செய்தது அது. கையில் பிடித்து வேலை செய்பவர்கள் அதிவேக எஃகு ஊசியில் தொடங்குவதே நல்லது என்பேன்.

சக்கை நான் குறை சொல்லவில்லை. ஆர்தர் ஜேக்கப்ஸ் 1902இல் காப்புரிமை பெற்ற சாவி சக்கிலிருந்து கிளைத்து, உலகத்துப் பட்டறைகளையெல்லாம் ஆண்ட குடும்பம் அது. அடிக்கடி அளவு மாற்றுகிறவர்களுக்கு அதுதான் ஏற்றது. ஆனால் மெல்லிய ஊசிக்குக் காலெட் வேண்டும். பக்கங்களில் பிளவு விட்ட சிறு குழல் அது. மேலே மரையை முறுக்கினால் குழல் நாலாபக்கமும் சமமாக ஒடுங்கி ஊசியைக் கவ்வும். பத்தரின் மரக்கட்டை ஊசியைக் கவ்வியிருந்தது போல. டிரெமல் காலெட்டுகள் 0.8, 1.6, 2.4, 3.2 மில்லிமீட்டர் என நான்கு அளவில் வருகின்றன. அடியில் ஒரு வளையக்கோடு இருந்தால் 0.8, இரண்டு என்றால் 1.6, மூன்று என்றால் 2.4, கோடே இல்லாதது 3.2. அளவுக்கு ஒரு காலெட் மாற்ற அலுப்பாக இருந்தால், நுனி எத்தனை மெல்லியதானாலும் தண்டு ஒரே தடிமனாக உள்ள ஊசிகளாகப் பார்த்து வாங்கலாம். நகைப் பட்டறைக்கும் பல் டாக்டருக்கும் வரும் 2.35 தண்டு ஊசிகள் 2.4 காலெட்டில் உட்காரும். நான் இப்போது அவற்றைத்தான் வைத்திருக்கிறேன்.

கருவி ஒருவழியாகச் சரியானபோது கொட்டைக்கு எங்கே போவது? நாங்கள் இருந்த தோட்டத்தில் இப்போது கண்ணுக்கெட்டிய வரை செம்பனை. லயம் நின்ற இடத்தைக் காட்ட ஒரு மரம்கூட மிச்சமில்லை. கடைசியில் தாப்பா பக்கம் சின்னக் கித்தாத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவரிடம் மச்சான் சொல்லிவைத்து, ஐஸ்கிரீம் டப்பாவில் பதினான்கு கொட்டை கொண்டுவந்தார். எண்ணிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தேன். முதலில் ஒரு வாரம் சிரட்டையில் கை பழகினேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெழுகை உருக்கிக் கொட்டையைப் பாதி பதித்தேன். வழுக்காமல் இருக்கக் குத்தூசியால் சின்னப் பள்ளம். காலெட்டில் 1 மில்லிமீட்டர் எஃகு ஊசி, வேகம் ஆகக் குறைவு. ஓடு விட்டுக்கொடுக்கப் போகும் அந்தக் கடைசி நொடியில் அழுத்தாமல் கையை இலேசாக்கினேன். துளை விழுந்தது. கீறல் இல்லை. அடியிலும் பக்கத்திலும் அப்படியே துளைத்து, மேல், கீழ்த் துளைகளை மட்டும் படிப்படியாக ஈர்க்கு நுழையும் அளவுக்கு அகலப்படுத்தினேன்.

பேத்தி நூலை இழுத்தாள். இறக்கை விர்ரென்று சுற்றி, நின்று, திரும்பிச் சுற்றியது. அவள் மறுபடி இழுத்தாள். பிறகு கொட்டையைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள்.

"தாத்தா, இது எந்தக் கடையில கிடைக்கும்?"

டப்பாவில் இன்னும் பதின்மூன்று இருந்தது. மூடியைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன்.