மகரந்தத்துக்கு வெந்நீர் வைத்தியம்

கேள்வி: டோக்கியோவில் வசிக்கிறேன். பங்குனி மாதத்தில் என் கறுப்புக் காரின்மேல் படியும் மர மகரந்தக் கறை, எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லையே?

பதில்: முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள், கறை இருக்க, வர்ணத்தின் மெருகுதான் போகும். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின், மொட்டையாகிவிட்ட மலைகளிலெல்லாம் வீடு கட்ட உதவுமென்று ஜப்பானியர் நட்டுவைத்த சுகி என்னும் ஊசியிலை மரங்கள், அந்நிய தேசத்து மரம் மலிவாகக் கிடைக்கவே வெட்டுவாரின்றித் தழைத்து, வம்ச விருத்தியை உத்தேசித்துக் காற்றிலே அனுப்பும் தூதர்களில் சிலர் வழி தவறி உங்கள் காரின் முதுகில் இறங்கிவிடுகிறார்களேயன்றி, தங்களிடம் அவற்றுக்கு யாதொரு துவேஷமும் இல்லை. ஆனால் அம்மகரந்தத் துகள் மழையில் நனைந்ததும் வெடித்து, ஜாமைக் கெட்டிப்படுத்தும் அதே பெக்டின் பசையைக் கக்கி, காயும்போது வர்ணத்தையும் சேர்த்துப் பிடித்திழுக்கிறது. ஆகவே, தண்ணீரைப் பீய்ச்சித் தூசியை ஓட்டியபின், கறையின்மேல் துவாலையை விரித்து, சுமார் 70 டிகிரி வெந்நீரை மெல்ல ஊற்றிச் சற்றுப் பொறுத்துக் கழுவுங்கள். குளிர்ந்திருக்கும் கண்ணாடியில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், விரிசல் கண்டுவிடும். இதற்கும் சோம்பலாயிருப்பின், காரைக் கோடை வெயிலில் நிறுத்திவையுங்கள்; தகடு சூடேறிப் பசை தானே சிதைந்து கறை மங்கும், கழுவியது நான்தான் என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம்.