சோற்றுக்கை அமிலங்கள்

கேள்வி: அமினோ அமிலங்களில் ‘எல்’, ‘டி’ என்று பிரிக்கிறார்களே, என்ன வித்தியாசம்?

பதில்: இரண்டு கையிலும் விரல் ஐந்துதான். ஆனால் வலக்கை உறை இடக்கைக்குச் சேராது. அப்படித்தான் இவையும்: அணுக்கள் அதே, அமைப்பு மட்டும் கண்ணாடிப் பிம்பம். எல் என்பது இடக்கை, டி வலக்கை. நாம் சோற்றுக்கை என்று வலக்கைக்கு மரியாதை கொடுக்கிறோம். நம் செல்களோ புரதம் கட்ட இடக்கைச் சரக்கைத்தான் எடுக்கின்றன!

கேள்வி: அப்படியானால் டி வகைக்கு உடம்பில் வேலையே இல்லையா?

பதில்: பாக்டீரியாவின் செல் சுவருக்குத்தான் அது ஆகும் என்று வெகுகாலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1992-இல் ஜப்பானின் ஹாஷிமோட்டோ, நிஷிகாவா குழு எலி மூளையில் டி-செரின் தாராளமாக இருப்பதைக் காட்டியது. எல்-செரினைப் புரட்டிப்போட்டு மூளையே அதைத் தயாரிக்கிறது. புரட்டும் நொதியின் பெயர் செரின் ரேசிமேஸ்.

கேள்வி: தயாரித்து என்ன செய்கிறது?

பதில்: வங்கி லாக்கர் திறந்திருக்கிறீர்களா? உங்கள் சாவி மட்டும் போதாது, வங்கிக்காரர் சாவியும் வேண்டும். நரம்பு செல்லின் கதவான என்எம்டிஏ ஏற்பிக்கும் இரண்டு சாவி. ஒன்று குளூட்டமேட், மற்றொன்று டி-செரின் அல்லது கிளைசின். இரண்டும் சேர்ந்தால்தான் கால்சியம் உள்ளே போகும். நரம்பு செல்களுக்கிடையே எந்த இணைப்பு நிலைக்கும், எது கழியும் என்பதெல்லாம் அதன் பிறகுதான்.

வளரும் மூளையில் டி-செரினுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சுண்டெலிக் குட்டியின் சிறுமூளையில் இளம் நரம்பு செல்கள், துணை செல்களின் இழைகளைப் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்து உள்ளே இறங்கும். டி-செரினைத் தருவது அந்தத் துணை செல்களே. டி-செரினை அழித்தால் இறங்கும் வேகம் குறைகிறது. இறங்கும் காலம் முடிந்ததும் டி-செரினைச் சிதைக்கும் நொதி பெருகி, சிறுமூளையில் அது ஏறக்குறையக் காணாமல் போகிறது.

கேள்வி: டி-அஸ்பார்டேட் என்று இன்னொரு டி வகை அமினோ அமிலமும் உண்டாமே, அது?

பதில்: அது கல்யாணப் பந்தல். 14 வாரக் கருவின் முன்மூளைப் புறணியில், மொத்த அஸ்பார்டேட்டில் சுமார் 60 சதவீதம் டி வகை. பிறந்தபின் ஒரு நொதி வந்து பந்தலைப் பிரித்துவிடும். அந்த நொதி இல்லாத எலிகளில் இளமையில் நரம்பிணைப்புகள் நன்றாகவே இளகிக்கொடுத்தன. வயதானபோது அந்தத் திறன் சரிந்தது. கல்யாணம் முடிந்தும் பந்தல் நின்றால் வீட்டுக்குத்தான் இடைஞ்சல்.

கேள்வி: ஜிம் கடையில் டி-அஸ்பார்டிக் பவுடர் விற்கிறார்களே, கர்ப்பிணி மனைவிக்கு வாங்கட்டுமா?

பதில்: அதை விற்பது ஆண் ஹார்மோனைக் கூட்டும் என்று சொல்லி! பயிற்சி செய்யும் ஆண்களிடம் நடந்த சோதனைகளில் அதுவும் கூடவில்லை. டி-செரினோ, அதிக அளவில் எலிகளின் சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கிறது. செரின் தயாரிக்கும் திறன் பிறவியிலேயே குறைந்து, சிறுத்த தலையோடு பிறந்து வலிப்புக்கு ஆளாகும் அபூர்வக் குழந்தைகளுக்குக்கூட மருத்துவர்கள் கொடுப்பது சாதாரண எல்-செரின். புரட்டிப்போடும் வேலையை மூளை பார்த்துக்கொள்ளும். டப்பா கடையிலேயே இருக்கட்டும்.