கையிலிருக்கும் சந்தையைத் தாரைவார்ப்பது எப்படி?

இந்த வழிகாட்டி எல்லோருக்குமானதல்ல. புதிதாகக் கடை திறந்தவர்கள், கடனில் ஓடுகிறவர்கள், வாடிக்கையாளர் சொல்வதைக் காதில் வாங்கும் பழக்கமுள்ளவர்கள் எல்லாம் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போகலாம். ஒன்றைத் தொலைக்க வேண்டுமானால் அது முதலில் கையில் இருக்க வேண்டும். உங்களிடம் ஒரு சந்தை இருக்க வேண்டும். அதை நீங்களே உண்டாக்கியிருக்க வேண்டும். உங்கள் பெயரைச் சொல்லிப் பல நிறுவனங்கள் பிழைத்துக்கொண்டிருக்க வேண்டும். தகுதியுள்ளவர்கள் மட்டும் மேலே படிக்கவும்.

இந்தப் பாடத்துக்கு ஐபிஎம்மைவிடச் சிறந்த முன்மாதிரி கிடையாது. 1987 ஏப்ரல் 2 அன்று அது பிஎஸ்/2 என்ற கணினி வரிசையை அறிவித்தது. அந்த வரிசையின் உயர்ந்த மாடல்களில் மைக்ரோ சானல் ஆர்க்கிடெக்சர், சுருக்கமாக எம்சிஏ, என்ற புதிய பஸ் இருந்தது. மெமரியோ மோடமோ நெட்வொர்க்கோ, எந்தக் கார்டைச் செருகினாலும் அது பிராசஸரோடு பேசுவது மதர்போர்டில் ஓடும் இந்த பஸ் வழியாகத்தான். அதுவரை உலகம் புழங்கிவந்த பஸ்ஸும் ஐபிஎம் போட்டதுதான் என்பதை மறந்துவிடாதீர்கள். அதை மறந்தால் பாடத்தின் ருசியே போய்விடும்.

ஆயத்த வேலைகளை ஆறு வருடம் முன்பே தொடங்கிவிட வேண்டும். 1981இல் ஃப்ளோரிடாவின் போகா ரட்டோனில் டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையிலான குழு முதல் ஐபிஎம் பிசியைச் செய்தபோது, அவசரத்தில் கடையில் கிடைத்த உதிரிகளைக் கொண்டே செய்தது. இன்டெல் 8088 பிராசஸர், மைக்ரோசாஃப்டின் டாஸ், பின்னால் ஐந்து ஸ்லாட்டுகள், ஒவ்வொன்றிலும் 62 தொடுமுனைகள். அதோடு நிற்காமல் ஒரு தொழில்நுட்பக் கையேடும் போட்டார்கள். சர்க்யூட் வரைபடத்திலிருந்து கணினியைத் துவக்கும் பயாஸின் நிரல் வரிகள் வரை எல்லாம் அதில் அச்சாகியிருந்தது. காசு கொடுத்து வாங்கிப் படித்த எவரும் அந்த ஸ்லாட்டுக்கு ஒரு கார்டு செய்யலாம். ஐபிஎம்மிடம் கேட்க வேண்டியதில்லை.

செய்தார்கள். முதல் பிசியில் மதர்போர்டு மெமரி 64 கிலோபைட்டைத் தாண்டாது. பிரிண்டர் போர்ட்டும் தனிக் கார்டு, டிஸ்ப்ளேயும் தனிக் கார்டு. ஐந்து ஸ்லாட் எந்த மூலைக்கு? ஏஎஸ்டி என்ற கலிஃபோர்னியா நிறுவனம் மெமரி, கடிகாரம், சீரியல் போர்ட், பேரலல் போர்ட் எல்லாவற்றையும் ஒரே கார்டில் அடக்கி ‘சிக்ஸ்பேக் ப்ளஸ்’ என்று விற்றது. ஏஎஸ்டியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேறு வேடத்தில் வரும். ஐபிஎம்மின் மோனோ டிஸ்ப்ளேயில் எழுத்து மட்டும்தான் வரும் என்றபோது ஹெர்குலிஸ் கார்டு அதில் படமும் வரைந்து காட்டியது. இவர்கள் விற்ற ஒவ்வொரு கார்டும் ஐபிஎம் பிசி வாங்க ஒரு கூடுதல் காரணம்.

பிறகு காம்பாக் முழுக் கணினியையே செய்தது. பயாஸுக்குப் பதிப்புரிமை இருந்ததால், அதைப் பார்க்காத பொறியாளர்களை வைத்து அதே வேலையைச் செய்யும் பயாஸைப் புதிதாக எழுதிக்கொண்டது. 1986 செப்டம்பரில் இன்னும் ஒரு படி மேலே போய், ஐபிஎம்முக்கு முன்னாலேயே 386 பிராசஸரோடு டெஸ்க்ப்ரோ 386ஐக் கொண்டுவந்தது. இந்த இடத்தில் உங்களுக்குக் கோபம் வர வேண்டும். நம் வீட்டுத் திண்ணையில் படுத்தவன் நமக்கே வாடகை பேசுகிறான் என்று தோன்ற வேண்டும். தோன்றாதவர்களுக்கு இனிமேல் வரும் படிகள் பலிக்காது.

அடுத்து, மிக நல்ல பொருளாகச் செய்யுங்கள். மட்டமான பொருளைப் போட்டால் சந்தை போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள், தவறு. மட்டமான பொருள் ஒரு வருடத்தில் சத்தமில்லாமல் சாகும், நீங்கள் பழைய தொழிலுக்குத் திரும்பிவிடுவீர்கள். ஊரையே எதிரியாக்கும் அளவுக்கு உங்களுக்கு நெஞ்சுரம் வர வேண்டுமானால், நம் பக்கம்தான் நியாயம் என்ற நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கை நல்ல பொறியியலிலிருந்துதான் வரும்.

எம்சிஏ உண்மையிலேயே நல்ல பொறியியல். 1984இல் வந்த பிசி/ஏடியின் பஸ் 16 பிட், ஓட்டம் 8 மெகாஹெர்ட்ஸ் வாக்கில். எம்சிஏ 32 பிட், 10 மெகாஹெர்ட்ஸ். பழைய பஸ்ஸில் சிக்னல் கம்பிகள் தரைக்கம்பியின் துணையில்லாமல் நெருக்கியடித்து ஓடின, வேகத்தைக் கூட்டினால் ஒன்றின் இரைச்சல் மற்றொன்றில் ஏறும். எம்சிஏவில் சிக்னல்களுக்கு நடுவே ஒழுங்கான இடைவெளியில் தரையும் மின்சாரமும் வரும். கார்டே பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் பஸ்ஸைத் தன் கையில் எடுத்துத் தரவை நகர்த்தலாம். இரண்டு கார்டுகள் ஒரே நேரத்தில் கேட்டால் நான்கு கம்பிகளில் ஆளுக்கொரு எண்ணைப் போட்டு யாருக்கு முதல் முறை என்று தீர்த்துக்கொள்ளும்; ஒரே கார்டு திரும்பத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளாமல் இருக்கவும் ஏற்பாடு உண்டு.

இன்டரப்ட் விஷயம் இன்னும் அழகு. பழைய பஸ்ஸில் கார்டு பிராசஸரைக் கூப்பிடுவது, கதவு மணியை ஒருமுறை அழுத்திவிட்டுப் போய்விடுவது மாதிரி. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால் ஒருவர் வந்ததே தெரியாது. அதனால் கார்டுக்கு ஒரு தனிக் கம்பி வேண்டும், கம்பிகளோ சொற்பம். எம்சிஏவில் கதவு திறக்கும்வரை மணியிலிருந்து கையை எடுக்கமாட்டார்கள். ஒரே கம்பியைப் பல கார்டுகள் பகிரலாம்.

ஏடி காலத்தில் கார்டு பொருத்திய அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் அருமை தெரியும். நகக்கண் அளவு ஜம்பர்களைப் பிடுங்கி, அட்டவணையைப் பார்த்து, இன்டரப்ட் கம்பியின் எண், அதாவது ஐஆர்க்யூ, 5ஆ 7ஆ என்று கணக்குப் போட்டு, மூடியை மாட்டிப் பார்த்தால் பிரிண்டர் வேலை செய்யாது. திரும்பவும் மூடியைக் கழற்ற வேண்டும். எம்சிஏ கார்டில் ஜம்பரே கிடையாது. ஒவ்வொரு கார்டும் தன் 16 பிட் அடையாள எண்ணைத் தானே சொல்லும். மீதியை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். 1987இல் இது! ‘சொருகினால் ஓடும்’ என்று விண்டோஸ் 95 தம்பட்டம் அடிக்க இன்னும் எட்டு வருடம் இருந்தது.

ஆனால் வாடிக்கையாளர் ஒரேயடியாக மகிழ்ந்துவிடக் கூடாதல்லவா? அதற்கு வழி இருக்கிறது. மாடல் 50 ஒன்றில் நெட்வொர்க் கார்டு பொருத்துவதாக வைத்துக்கொள்வோம். மூடியின் திருகுகளைக் கையாலேயே சுழற்றலாம், திருப்புளி தேவையில்லை. உள்ளே தொட வேண்டிய பாகங்களெல்லாம் நீல நிற பிளாஸ்டிக். கார்டு சின்னது, அழுத்தினால் ‘சடக்’கென்று உட்காரும். மூடியை மாட்டி சுவிட்சைப் போட்டதும் திரையில் 165 என்ற எண் வரும். எனக்குத் தெரியாமல் யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இப்போது ரெஃபரன்ஸ் டிஸ்கெட் வேண்டும். கணினியோடு வந்த அசல் அல்ல. அதில் எழுத முடியாது. நீங்கள் முன்யோசனையோடு எடுத்து வைத்த நகல். அதில், கார்டோடு வந்த ஆப்ஷன் டிஸ்கெட்டிலிருக்கும், கார்டின் விவரங்கள் அடங்கிய ஏடிஎஃப் கோப்பை ஏற்ற வேண்டும். கோப்பின் பெயர் ஒரு அட் குறியும் கார்டின் அடையாள எண்ணும். டிஸ்கெட்டை மாற்றி மாற்றிப் போட்டு, தானியங்கி அமைப்பைத் தேர்ந்தெடுத்து, மறுபடி துவக்கினால் முடிந்தது. உண்மையிலேயே அவ்வளவுதான். அந்த ஆப்ஷன் டிஸ்கெட் தொலைந்துபோயிருந்தால் மட்டும் கார்டு வெறும் தகடு.

செய்த அமைப்பெல்லாம் ஒரு பேட்டரியின் தயவில் நினைவிலிருக்கும். பேட்டரி தீர்ந்தால் 161, கடிகாரமும் போனதற்கு 163. மீண்டும் டிஸ்கெட்டைத் தேட வேண்டும். மாடல் 80க்கு வந்த ரெஃபரன்ஸ் டிஸ்கெட் மாடல் 50க்கு உதவாது. இந்தக் கணினிகளைச் சேகரித்து வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள், இயந்திரத்தைவிட டிஸ்கெட் பெட்டியைத்தான் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

அடுத்த படி எளிது, ஆனால் இதைச் செய்யாவிட்டால் முன்னே செய்ததெல்லாம் வீண்: பழைய கார்டு எதுவும் புது ஸ்லாட்டில் நுழையக் கூடாது. பழைய ஸ்லாட்டில் முனைகளுக்கிடையே அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி. எம்சிஏவில் அதில் பாதி. ஆறு வருடமாக அலுவலகங்கள் வாங்கிக் குவித்த கார்டுகள் ஒரே நாளில் அந்நியமாகிவிட்டன. புது பஸ்ஸின் வேகத்துக்காவது மாறுவார்களா என்றால், டாஸில் ஒரு நேரத்தில் ஒரு நிரலை ஓட்டிக் கடிதம் அடிப்பவருக்கு அந்த வேகம் கண்ணிலேயே படாது. கார்டே பஸ்ஸை ஆளும் வித்தையைப் பயன்படுத்தும் கார்டுகள் அப்போது அரிது. பதினைந்து பேர் அமரும் பந்தி போட்டாயிற்று, வந்தவர் ஒருவர்.

அதே வரிசையில் ஒரு மாடலில் மட்டும் பழைய பஸ்ஸையே விட்டுவையுங்கள். மாடல் 30 என்ற விலை குறைந்த பிஎஸ்/2 அப்படித்தான் வந்தது. புது பஸ் இல்லாமலும் பிஎஸ்/2 பிஎஸ்/2தான் என்று நீங்களே நிரூபித்துவிடுகிறீர்கள். விளம்பரத்தில் குறை வைக்காதீர்கள்: முதல் பிசிக்குச் சாப்ளினின் நாடோடி வேடத்தைப் போட்டவர்கள், பிஎஸ்/2வுக்கு ‘மாஷ்’ தொலைக்காட்சித் தொடரின் நடிகர்களையே திரட்டினார்கள்.

இன்னொரு நுணுக்கம். பிஎஸ்/2வோடு எம்சிஏ மட்டும் வரவில்லை. விஜிஏ டிஸ்ப்ளே வந்தது, 1.44 மெகாபைட் ஃப்ளாப்பி வந்தது, கீபோர்டுக்கும் மவுஸுக்கும் ஆறு முனைச் சின்ன வட்ட இணைப்பு வந்தது. அவற்றையெல்லாம் காம்பாக்கைப் போல ஐபிஎம் பிசிக்கு நகல் செய்துவந்த குளோன்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். ஊதாவும் பச்சையுமாகக் கணினியின் முதுகில் நாம் பார்த்த அந்த இரண்டு வட்டத் துளைகளுக்கு ‘பிஎஸ்/2 போர்ட்’ என்றே பெயர் நிலைத்தது. பூட்டிவைத்ததைத் தொட்டவர்கள் சொற்பம்.

பூட்டியது ராயல்டியால். இந்தப் படியில் கை நடுங்கக் கூடாது. எம்சிஏவுக்கு உரிமம் வேண்டுமா, விற்பனைத் தொகையில் 5 சதவீதம் வரை கொடு. அதோடு, இத்தனை வருடம் விற்றாயே பழைய பிசி குளோன்கள், அதற்கும் பாக்கி வை. முதல் பாதியை மட்டும் கேட்டிருந்தால்கூடச் சிலர் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டிருப்பார்கள் என்பது என் கணிப்பு. இரண்டாவது பாதிதான் கைவேலை. ஒருவரையொருவர் விலையில் வெட்டிக்கொண்டிருந்த போட்டியாளர்களை ஒரே மேஜையில் உட்கார வைக்க அதைவிட நல்ல அழைப்பிதழ் இல்லை.

1988 செப்டம்பரில் உட்கார்ந்தார்கள். காம்பாக், ஹெவ்லெட்-பேக்கர்ட், எப்சன், என்இசி, ஒலிவெட்டி, டாண்டி, வைஸ், ஜெனித் டேட்டா சிஸ்டம்ஸ், கூடவே நம் ஏஎஸ்டி. ‘ஒன்பதின்மர் கும்பல்’ என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. டாண்டி அந்த வருடம்தான் எம்சிஏ வைத்து 5000 எம்சி என்ற கணினியையும் கொண்டுவந்திருந்தது. இரண்டு தோணியிலும் கால். ஒன்பது பேரும் ஈசா என்ற 32 பிட் பஸ்ஸை அறிவித்தார்கள். பகிரும் இன்டரப்ட், பஸ்ஸை ஆளும் கார்டு, மென்பொருளால் அமைப்பது என்று எம்சிஏவின் நல்லதெல்லாம் அதில் இருந்தது. ஸ்லாட்டில் மட்டும் இரண்டு அடுக்கு. பழைய கார்டு மேலடுக்கோடு நின்றுவிடும். புதுக் கார்டு இன்னும் கீழே இறங்கி அடியிலிருக்கும் முனைகளையும் தொடும். போகிற போக்கில், ஐபிஎம்மின் ஏடி பஸ்ஸுக்கு ‘தொழில்துறைத் தர’ பஸ் என்று பொருள்படும்படி ஐஎஸ்ஏ என்று பெயரும் சூட்டிவிட்டார்கள். பெற்றவரைக் கேட்கவில்லை.

ஈசாவும் வீட்டு மேஜைகளுக்கு வரவில்லை. விலை அதிகம், சர்வர்களோடு நின்றுவிட்டது. மக்கள் பழைய ஐஎஸ்ஏவிலேயே காலம் தள்ளினார்கள். இந்தியாவில் இந்தக் கூத்து நமக்கு எட்டவேயில்லை. 1978லேயே இங்கே கடையைக் கட்டிய ஐபிஎம், டாட்டாவின் கையைப் பிடித்துத் திரும்பி வந்தது 1992இல்தான். அதற்குள் இங்கே ஐபிஎம் பிசி என்றாலே குளோன் என்றாகியிருந்தது.

கடைசிப் படிக்குப் பொறுமை வேண்டும். வெளியே சொந்த பஸ்ஸின் புகழைப் பாடிக்கொண்டே, உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொள்ள வேண்டும். ஐபிஎம் 1990இல் வீடுகளுக்காகப் பிஎஸ்/1 விட்டது, எம்சிஏ இல்லை. 1992இல் மலிவு விலையில் வேல்யூபாயிண்ட் விட்டது, அதிலும் இல்லை. ஆர்எஸ்/6000 போன்ற பெரிய இயந்திரங்களில் எம்சிஏ இன்னும் சில காலம் மரியாதையோடு ஓடியது. 2012இல் லினக்ஸ்காரர்களும் அதற்கான நிரலைக் கழற்றிவிட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. 1992இல் பிசிஐ பஸ்ஸைக் கொண்டுவந்த இன்டெல் செய்ததை மட்டும் செய்துவிடாதீர்கள். கார்டு தன் அடையாளத்தைத் தானே சொல்வது, இன்டரப்ட்டைப் பகிர்வது, ஜம்பரை ஒழிப்பது என்று எம்சிஏ சொன்னதையே பிசிஐயும் சொன்னது. ஆனால் இன்டெல் அதை ஒரு பொதுக் குழுவிடம் கொடுத்துவிட்டு, ராயல்டி எதுவும் கேட்காமல் ஒதுங்கிக்கொண்டது. விளைவு விபரீதம்: எல்லோரும் அதையே வாங்கினார்கள், இன்டெல்லின் பிராசஸரும் சேர்ந்தே விற்றது. 1994இல் பிஎஸ்/2வின் இடத்துக்கு வந்த பிசி 300, பிசி 700 வரிசைகளில் ஐபிஎம்மும் பிசிஐ ஸ்லாட்டுகளைத்தான் வைத்து விற்றது.