அட்டையைத் தொடாதே! பழைய காமிக்ஸ் கேள்வி-பதில்

● ஒரு காமிக்ஸ் புத்தகத்துக்கு 60 லட்சம் டாலராமே? வாங்கியவருக்கு மூளை இருக்கிறதா? (திண்டுக்கல் வாசகர்)

பணம் இருக்கிறது, அதை முதலில் ஒப்புக்கொள்வோம். 2024 ஏப்ரலில் ஏலம் போனது ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ். 1938-இல் கடை விலை 10 சென்ட். சூப்பர்மேன் பச்சைக் காரைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் அந்த அட்டையிலிருந்துதான் சூப்பர் ஹீரோ என்கிற வம்சமே தொடங்குகிறது.

ஒரு விஷயம் தெரியுமா? அந்த இதழில் சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது, தாவத்தான் தெரியும். பறந்தது விலை.

● அதையும் மிஞ்சிய புத்தகம் உண்டா? (கரூர் வாசகர்)

உண்டு. 1939-இல் வந்த ‘சூப்பர்மேன்’ முதல் இதழ், 2025 நவம்பரில் 91.2 லட்சம் டாலர். கலிஃபோர்னியாவில் மூன்று சகோதரர்கள், காலமான அம்மாவின் பரணைக் காலி செய்தபோது, பழைய நியூஸ்பேப்பர் கட்டுக்கு அடியில் அட்டைப்பெட்டியில் கிடைத்தது. இந்தத் தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கும் வேலையை ஆளிடம் விடாதீர்கள்.

● நான் சேர்த்த காமிக்ஸ் மொத்தத்தையும் அம்மா எடைக்குப் போட்டுவிட்டார். மன்னிக்கலாமா? (விருதுநகர் வாசகர்)

மன்னியுங்கள். அந்த விலையை உண்டாக்கியதே அம்மாக்கள்தான். ‘ஆக்‌ஷன்’ முதல் இதழ் சுமார் 2 லட்சம் பிரதி அச்சானது. மிஞ்சியவை நூறு வாக்கில் என்கிறது சேகரிப்பாளர் கணக்கு. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவில் பழைய தாள் திரட்டினார்கள். பையன்களே தேசபக்தியோடு கட்டுக்கட்டாகத் தூக்கிக் கொடுத்தார்கள். எல்லோரும் பத்திரமாக வைத்திருந்தால் இன்றைக்கும் அது பத்து சென்ட் சமாசாரம்தான்.

● 1991-இல் வந்த ‘எக்ஸ்-மென்’ முதல் இதழ், ஐந்து அட்டையும் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதே, வீடு வாங்கலாமா? (கோவை வாசகர்)

வீட்டுக்கு வரும் விருந்தாளிக்குக் காபி வாங்கலாம். அந்த இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்று கின்னஸில் ஏறியது. வாங்கியவர்களில் பாதிப் பேர் உங்களைப் போலவே பிரிக்காமல் வைத்திருக்கிறார்கள்.

அடுத்த வருடமே சூப்பர்மேன் இறந்தார். கறுப்பு உறை, கையில் கட்டிக்கொள்ள துக்கப் பட்டை எல்லாம் சேர்த்து விற்றார்கள். ஆளுக்குப் பத்துப் பிரதி வாங்கிக் குவித்தார்கள். 1993-இல் சூப்பர்மேன் உயிரோடு திரும்பிவிட்டார். போட்ட பணம் திரும்பவில்லை. 1996 டிசம்பரில், உங்கள் ‘எக்ஸ்-மென்’னை வெளியிட்ட மார்வெல் கம்பெனியே திவால் நோட்டீஸ் கொடுத்தது.

● காமிக்ஸுக்கு மார்க் போடுகிறார்களாமே, யார் அந்த வாத்தியார்? (தஞ்சாவூர் வாசகி)

சி.ஜி.சி. என்று ஒரு அமெரிக்க நிறுவனம், 2000-இல் தொடங்கியது. 0.5 முதல் 10 வரை மார்க். பக்கம் எண்ணி, அட்டை, முதுகு, பின், மூலை, தாளின் நிறம் எல்லாம் பார்த்து, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து சீல் அடித்துத் தருவார்கள்.

ஜாக்கிரதை: அவர்கள் அகராதியில் ‘குட்’ என்றால் 10-க்கு 2. ‘வெரி குட்’ 4. ‘ஃபைன்’ என்றால்தான் 6. விற்பவர் வாயால் ‘குட் கண்டிஷன் சார்’ என்றால், எண்ணைக் கேளுங்கள்.

● நானே மார்க் போட முடியுமா? (நாகர்கோவில் வாசகர்)

முடியும். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உட்காருங்கள். முதலில் பக்கத்தை எண்ணுங்கள். நடுப்பக்கம் இரண்டு பின்னிலும் மாட்டியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். அட்டை பளபளக்கும், நடுப்பக்கம் பக்கத்து வீட்டுப் பையனிடம் இருக்கும்.

பிறகு அட்டையை டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். முதுகு ஓரத்தில், பின்னுக்குப் பக்கத்தில், மயிரிழை போல வெள்ளைக் கோடுகள் தெரியும். புத்தகத்தை அகலத் திறந்து படித்ததால் மை உடைந்த இடங்கள் அவை. ஒவ்வொரு கோட்டுக்கும் மார்க் குறையும். பின்னைச் சுற்றித் துருக்கறை இருந்தால் இன்னும் குறையும். தாள் வெள்ளையா, வெண்ணெய் நிறமா, பழுப்பா பாருங்கள். மூலையை மடித்தால் ஒடிகிறதா என்று மட்டும் சோதிக்காதீர்கள். ஒடிந்துவிட்டால் பதில் கிடைக்கும், மூலை கிடைக்காது.

● கிழிந்த பக்கத்துக்கு செல்லோ டேப் போடலாமா? (சேலம் வாசகர்)

கூடவே கூடாது. நாளாவட்டத்தில் டேப்பின் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். கிழிசலும் இருக்கும், கறையும் இருக்கும், டேப் மட்டும் உதிர்ந்து போயிருக்கும்.

● அட்டையில் கறுப்பு மை உரிந்த இடத்தில் மார்க்கர் பேனாவால் லேசாகத் தீட்டினேன். கண்டுபிடிப்பார்களா? (ஈரோடு வாசகர்)

கண்டுபிடிப்பதுதான் அவர்கள் தொழில். சாதாரணப் பிரதிக்கு நீல லேபிள். சரி செய்த பிரதிக்கு ஊதா லேபிள். ஊதாவைப் பார்த்ததுமே பெரும்பாலான சேகரிப்பாளர்கள் விலையைச் சரசரவென்று இறக்கிவிடுவார்கள். உரிந்த அட்டையை உரிந்த அட்டையாகவே விட்டிருந்தால், கண்ணியமாக ஒரு நீலம் கிடைத்திருக்கும்.

● மடிப்பு போக இஸ்திரி போடலாமா? (ஆம்பூர் வாசகி)

அளந்த சூட்டிலும் ஈரப்பதத்திலும் அழுத்தி மடிப்பை எடுக்க ‘பிரஸ்ஸிங்’ என்று ஒரு முறை உண்டு. சி.ஜி.சி. அதைப் பழுதுபார்த்தல் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்கென்று கருவியும் கைப்பழக்கமும் வேண்டும். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி வேட்டிக்கு.

● மார்க் போட்டு சீல் வைத்தபின் எப்படிப் படிப்பது? (புதுச்சேரி வாசகர்)

படிக்க முடியாது. உடைத்தால் மார்க் செல்லாது. லட்ச டாலர் புத்தகத்துக்குப் பெட்டி வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் நூறு ரூபாய் புத்தகத்தைக்கூடப் படிக்காமல் அடைத்து வைப்பவரிடம் எனக்குப் பேச்சு இல்லை. அது கதைப் புத்தகம் ஐயா, கல்வெட்டு இல்லை.

● காமிக்ஸ் திருட்டு நடந்ததுண்டா? (பழனி வாசகர்)

நடிகர் நிக்கோலஸ் கேஜ் வீட்டில் 2000-இல் ‘ஆக்‌ஷன்’ முதல் இதழ் களவு போனது. 2011-இல் கலிஃபோர்னியாவில் ஒரு வாடகைச் சேமிப்பு அறையில் அகப்பட்டது. அதே வருடம் ஏலத்தில் 21.6 லட்சம் டாலர். திருடன் பத்து வருடத்துக்கு மேல் நலுங்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். நம் வீட்டில் யாராவது அப்படிப் பார்த்துக்கொள்கிறார்களா?

● உலகத்திலேயே நல்ல நிலையில் கிடைத்த சேகரிப்பு எது? (காரைக்குடி வாசகர்)

எட்கர் சர்ச் என்ற விளம்பர ஓவியருடையது. ஊர் டென்வர். படம் வரைய உதவும் என்று முப்பதுகளின் கடைசியிலிருந்து காமிக்ஸ் வாங்கி, உயரமாக அடுக்கி வைத்தார். மலைநாட்டு ஊர், வறண்ட காற்று. அடுக்கின் கனம் புத்தகங்களைத் தட்டையாக அழுத்தி வைத்தது. வெளிச்சம் படவில்லை. 1977-இல் சக் ரோசான்ஸ்கி என்ற வியாபாரி வாங்கியபோது, சுமார் 18,000 புத்தகங்களுக்கு மேல், நாற்பது வருடம் கழித்தும் புதுசு போல இருந்தன. ‘மைல் ஹை’ சேகரிப்பு என்று பெயர். இன்றும் அந்தப் பிரதிகளுக்குத் தனி மரியாதை, தனி விலை.

மனிதர் முதலீடு என்றே நினைக்கவில்லை. படம் பிடித்திருந்தது, வைத்துக்கொண்டார்.

● தாத்தா டிரங்குப் பெட்டியில் ‘ஆக்‌ஷன்’ முதல் இதழ் கிடைத்திருக்கிறது. சத்தமில்லாமல் விற்பது எப்படி? (திருவாரூர் வாசகர்)

முதலில் ஸ்கேலை எடுங்கள். 1974-இல் டி.சி. கம்பெனி அந்த இதழைப் பெரிய அளவில் அப்படியே மறுபதிப்பு செய்தது. மறுபதிப்பு என்று சொல்வது அதன் வெளி அட்டை. அதைக் கழற்றிவிட்டால் உள்ளே அசலின் நகல். உயரம் பத்து அங்குலத்தை ஒட்டியிருந்தால் மறுபடி எழுதுங்கள். பதின்மூன்றைத் தாண்டினால், வேலையை ராஜினாமா செய்யாதீர்கள்.

● ‘ஹல்க்’ 181-ஆம் இதழ் கிடைத்தது. கடிதப் பக்கத்தில் சதுரமாக ஓர் ஓட்டை. பரவாயில்லையா? (சென்னை வாசகர்)

ரொம்பப் பரவாயிருக்கிறது. 1974-இல் வந்த இதழ், வுல்வரின் முழுசாக வந்து நின்றது இதில்தான். மார்வெல் அப்போது இதழுக்கு ஒரு ஸ்டாம்ப் அச்சிட்டு, வெட்டி ஆல்பத்தில் ஒட்டச் சொன்னது. பையன்கள் சொன்னபடி வெட்டினார்கள். ஸ்டாம்ப் போன பிரதி பெரும் பங்கு விலையை இழந்துவிடும். கத்தரிக்கோல் வுல்வரினுக்கே தீராத காயம் போட்டிருக்கிறது.

● என்னிடம் ‘மாயாவி’ காமிக்ஸ் இருக்கிறது. என்ன விலை போகும்? (சிவகாசி வாசகர்)

எந்த மாயாவி? ராணி காமிக்ஸ் மாயாவி என்றால் அவர் முகமூடி போட்ட ஃபாண்டம். முத்து காமிக்ஸ் என்றால் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், இரும்புக் கை மட்டும் தெரியும். பிரிட்டிஷ் வாரப் பத்திரிகை ‘வேலியன்ட்’டில் 1962-இல் பிறந்தவர், வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஜெசூஸ் பிளாஸ்கோ. 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக உங்கள் ஊரிலேயே இறங்கினார். கொண்டுவந்தவர் சௌந்திரபாண்டியன்.

அந்த முதல் பதிப்பா, பின்னால் வந்த மறுபதிப்பா என்று பாருங்கள். விலை, வருடம், உள்ளே வரும் விளம்பரம் மூன்றும் காட்டிக்கொடுத்துவிடும். அமெரிக்காவில் 1970 முதல் ஓவர்ஸ்ட்ரீட் விலைக் கையேடு இருக்கிறது. நமக்கு அப்படி ஒன்று கிடையாது. நம் இதழ்கள் சாணித்தாளில் அச்சாகி, லெண்டிங் லைப்ரரி ரப்பர் ஸ்டாம்ப் குத்து வாங்கி, பத்துக் கை மாறி வந்தவை. முழுசாக ஒன்று இருந்தாலே பெரிய விஷயம். இந்தப் புத்தகங்களுக்கு ஆண்டு, எண், விலையோடு ஒரு நல்ல பட்டியல் அச்சாக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. விலை அப்புறம் தானாக வரும்.

● எல்லாவற்றையும் சேர்த்து பைண்டிங் போட்டு வைத்திருக்கிறேன். தப்பா? (கும்பகோணம் வாசகர்)

சேகரிப்பாளர் கணக்கில் தப்பு. பைண்டர் மூன்று பக்கமும் வெட்டிவிட்டார், முதுகில் ஊசி போட்டுவிட்டார். ஆனால் எத்தனையோ தமிழ் இதழ்கள் இன்று கண்ணில் படுவதே அந்த பைண்டு புத்தகங்களுக்குள்தான். போட்டதைப் பிரிக்காதீர்கள், புதிதாகப் போடாதீர்கள். பைண்டருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

● சென்னைப் புழுக்கத்தில் எப்படிக் காப்பாற்றுவது? (மயிலாப்பூர் வாசகி)

பரண் வேண்டாம், மேலே சூடு. தரை வேண்டாம், கீழே ஈரம். பி.வி.சி. கவர் ஆகாது, பாலிப்ரொப்பிலீன் உறை நல்லது, வசதியிருந்தால் மைலார். புது சட்டைக்குள் வரும் அட்டையைச் செருகாதீர்கள். அதிலிருக்கும் அமிலம் புத்தகத்துக்கு ஏறும். அமிலமில்லாத அட்டை என்று கேட்டு வாங்குங்கள். நிமிர்த்தி, சாயாமல் வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. மாதம் ஒருமுறை எடுத்துப் புரட்டுங்கள். ராமபாணப் பூச்சிக்கு உங்கள் முகம் தெரிந்திருக்க வேண்டும்.

லேமினேஷன்? பதில் சொல்லவே கை நடுங்குகிறது. வேண்டாம் தாயே.

● ‘இந்த வயசில் பொம்மைப் புத்தகமா?’ என்கிறாள் மனைவி. (ஓசூர் வாசகர்)

அமெரிக்காவில் நாற்பதுகளின் கடைசியில் பள்ளிக்கூடத்திலும் சர்ச்சிலும் குவித்து வைத்துக் கொளுத்தினார்கள். 1954-இல் ஃபிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், பிள்ளைகள் கெடுவதே காமிக்ஸால் என்று புத்தகம் எழுத, செனட்டில் விசாரணையே நடந்தது. உங்கள் வீட்டம்மா கேள்வியோடு விட்டிருக்கிறார். மல்லிகைப்பூ வாங்கிக் கொடுங்கள்.

● இத்தனை கோடியில் சூப்பர்மேனைப் படைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? (மதுரை வாசகர்)

130 டாலர். ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற க்ளீவ்லேண்ட் இளைஞர்கள் 1938-இல் மொத்த உரிமையையும் அந்தத் தொகைக்குக் கொடுத்துவிட்டார்கள். செக்கில் இரண்டு பேரின் பெயரையும் தப்பாக எழுதியிருந்தார்கள். அதனால் பின்பக்கம் தப்பான பெயரில் ஒரு கையெழுத்து, சரியான பெயரில் ஒரு கையெழுத்து. ஊரெல்லாம் கண்டித்த பிறகு, 1975-இல்தான் ஆளுக்கு வருடம் 20,000 டாலர் உதவித்தொகையும், படைத்தவர் என்று பெயரும் கிடைத்தன.

அந்தச் செக் 2012-இல் ஏலம் போனது, 1,60,000 டாலருக்கு. எனக்கு இதை எழுதும்போதும் கோபம் வருகிறது.

● விற்கும்போது குறையெல்லாம் சொல்ல வேண்டுமா? சொன்னால் யார் வாங்குவார்? (தூத்துக்குடி வாசகர்)

நான் வாங்குவேன். இப்படி எழுதுங்கள்: ‘பின் அட்டை இல்லை. 17-ஆம் பக்கத்தில் குறுக்கெழுத்துப் போட்டி நிரப்பப்பட்டது. முதுகில் டேப். முன் அட்டையில் நீல மையில் ஒரு பையன் பெயர், 6-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு. கதை முழுசாக இருக்கிறது.’ விலையைப் போட்டு, ஆசிரியர் பெயருக்கு அனுப்புங்கள். குறுக்கெழுத்தில் தப்பு இருந்தால் பத்து ரூபாய் குறைப்பேன்.