கடைமடைக்காரர் அருவி பார்க்கிறார்

நாகப்பட்டினத்தில் தண்ணீர் விழாது. விழுவதற்கு மேடு பள்ளம் வேண்டுமே! குடகில் பிறந்து, மேட்டூரில் தேங்கி, கல்லணையில் பங்கு பிரிந்து, கீழையூர், தலைஞாயிறு பக்கம் வந்து சேர்வதற்குள் காவிரித் தண்ணீருக்கு நடக்கவே தெம்பிருக்காது. அந்தத் தண்ணீருக்காக மதகடியில் துண்டை விரித்து உட்கார்ந்து பழகியவர்தான் நம்ம கடைமடைக்காரர். அறுபது வயதைத் தாண்டியிருப்பார். சட்டைப் பையில் சின்ன நோட்டு ஒன்று இருக்கும். அதில் மேட்டூர் நீர்மட்டம் தேதிவாரியாக ஏறியிருக்கும். சம்சாரத்தின் மாத்திரைச் சீட்டு அதே நோட்டில் கடைசிப் பக்கத்தில்.

அவரை அருவி பார்க்கக் கூட்டிக்கொண்டு போவது போன்ற விஷப்பரீட்சை வேறு கிடையாது. குற்றாலத்தில் ஊரே எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போது, இவர் மட்டும் இடுப்புத் துண்டோடு, "இந்தத் தண்ணி எங்க போவுது?" என்று விசாரித்துக்கொண்டிருப்பார். சிற்றாற்றில் போய் தாமிரபரணியில் சேர்கிறது என்று யாராவது சொன்ன பிறகுதான் தலையை நீட்டுவார். ஒகேனக்கல்லோ அவருக்கு அருவியே அல்ல, செய்தி. வினாடிக்கு எத்தனை கன அடி என்று காலையில் வானொலியில் கேட்பார். நேரில் போனபோதும் பரிசலில் ஏறாமல், பிலிகுண்டுலுவில் அளவெடுக்கிற இடத்தைக் காட்டச் சொல்லி அடம்பிடித்ததாகக் கேள்வி.

இப்போது அவருக்கு வெளிநாட்டு அருவியும் வாய்த்துவிட்டது. 2023 அக்டோபரில் நாகையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். நடுவில் நின்றது, 2024 ஆகஸ்டில் மறுபடி கிளம்பியது. நாலு மணி நேரம்தான். ஒகேனக்கல்லுக்கு ஆகிற நேரத்தில் பாதி! மருமகன் டிக்கெட் போட, புளிசாதப் பொட்டலத்தோடு தம்பதி கிளம்பிவிடுகிறார்கள். நேரம் மே மாதக் கடைசி. வயல் வெடித்துக் கிடக்கிறது, ஜூன் 12இல் மேட்டூர் திறப்பார்களா என்பது தெரியாது. கடைமடைக்காரருக்கு ஊரைவிட்டுக் கிளம்ப அதைவிட்டால் வேறு தோதான காலமும் இல்லை.

மலையகம் போவதற்குள்ளேயே பாதி நாள் போய்விடும். கிளிநொச்சி தாண்டும்போது இரணைமடுக் குளத்தைக் கேள்விப்பட்டு வேனைத் திருப்பச் சொல்வார். பொலன்னறுவையை ஆண்ட பராக்கிரமபாகு, பெய்கிற மழையில் ஒரு சொட்டுகூட வீணாகக் கடலுக்குப் போகக் கூடாது என்றிருந்த ராஜா, 12ஆம் நூற்றாண்டுக்காரர் என்று ஓட்டுநர் சொல்லிவைக்க, வந்தது வினை. "பாத்தியாடி, ராஜான்னா இவன் ராஜா!" என்று கண்டி வரை அதே பேச்சு. வேனில் மற்றவர்களுக்குப் பாட்டுப் போட வாய்ப்பே கிடைக்காது.

பம்பரகந்தை அருவி 263 மீட்டர், இலங்கையிலேயே உயரமானது. எல்லோரும் அண்ணாந்து வாயைப் பிளக்க, கடைமடைக்காரர் நோட்டை எடுத்துவிடுவார்.

"தம்பி, அடிக் கணக்குல எவ்வளவு?"

"எண்ணூத்து அறுபது அடிக்கு மேல வரும் ஐயா."

"மேட்டூர் நெறஞ்சாவே 120 அடி. அப்ப இது ஏழு மேட்டூரு!" கொஞ்ச நேரம் மௌனம். பிறகு அந்தக் கேள்வி: "ஆயக்கட்டு எவ்வளவு?"

ஓட்டுநர் தம்பிக்கு இந்தக் கேள்வி புதிது. அருவியில் செல்ஃபி எடுக்க எந்த இடம் தோது, அட்டை கடித்தால் என்ன செய்வது, இதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அருவி எத்தனை வயலுக்குப் பாயும் என்று ஆயக்கட்டு கேட்ட ஆளை அவர் பார்த்ததில்லை.

கடைமடைக்காரருடைய ஏக்கம் ஒரே மாதிரி இருப்பதில்லை. இதை உடன் வந்தவர்கள் கவனிப்பது அபூர்வம். ஆனி மாதக் கண்ணால் பார்க்கும்போது, இவ்வளவு தண்ணீரும் ஒரு நாற்றங்காலைக்கூட நனைக்காமல் பாறையில் மோதிச் சிதறுகிறதே என்று வயிறு எரியும். அதே அருவியை ஐப்பசிக் கண்ணால் பார்ப்பார். அடைமழையில் சம்பாப் பயிர் கழுத்தளவு மூழ்கி, கடல் மட்டத்துக்கு வயல் சரியாசனம் போட்டு உட்கார்ந்திருக்க, பத்து நாளாகியும் வடியாத தண்ணீர் நினைவுக்கு வரும். "என்ன வாட்டம், என்ன வாட்டம்! இதுல ஒரு சாண் நம்ம வடிகாலுக்கு இருந்தா நான் ஏன் நிவாரணத்துக்கு மனுப் போடுறேன்?" இந்த மாதிரி அருவியைப் புகழ்ந்தவர் உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது.

றம்பொடை அருவியில் மழை பிடித்துக்கொள்ளும். மற்றவர்கள் தேநீர்க் கடைக்குள் ஓட, இவர் நனைந்துகொண்டே ஊருக்குப் போன் போடுவார். "டேய், இங்க தென்மேற்கு எறங்கிட்டுது. கேரளாவுக்கு வந்து குடகு ஏற எத்தனை நாள் ஆவும்? வெத நெல்ல எடுத்து வை!" வானிலை ஆய்வு மையத்தின் மீது அவருக்கு மரியாதை உண்டு, கண்ணால் பார்த்த மழை மீது நம்பிக்கை உண்டு. பின்னால் அருவி, முன்னால் தேயிலைத் தோட்டம் என்று சம்சாரம் எடுத்த படங்களில் எல்லாம் அவர் காதில் போன்.

கடைசியில் தலவாக்கலை. சென் கிளயர் அருவி. மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012இல் ஓடத் தொடங்கியதிலிருந்து ஆற்றுத் தண்ணீர் சுரங்கம் வழியே மின் நிலையத்துக்குப் போகிறது, அருவிக்குப் பார்வையாளர்களுக்காகப் பகல் நேரத்தில் விடுவதாக ஏற்பாடு என்று ஓட்டுநர் விளக்குகிறார். இயற்கையை இப்படிச் செய்துவிட்டார்களே என்று வேனில் இருந்த பேராசிரியர் ஒருவர் வருத்தப்படுகிறார். நியாயமான வருத்தம்தான், நானும் அவர் கட்சி. கடைமடைக்காரர் முகத்திலோ அந்தப் பயணத்திலேயே முதன்முறையாக வெளிச்சம்.

"அப்ப இதுவும் மொறத் தண்ணியா!"

"என்ன ஐயா?"

"மொறப்பாசனம், தம்பி. ஆறு நாள் அவனுக்கு, ஆறு நாள் நமக்கு. அருவிக்கே மொற வச்சிருக்கான் பாரு. ஷட்டர் எங்க இருக்கு?"

"மேல, அணைக்கட்டுப் பக்கம்."

"அதத் தொறக்கிற லஸ்கர் யாரு?"

"தெரியாது ஐயா. அங்க உள்ள போக விட மாட்டாங்க."

"நீ விடச் சொல்லு. அவங்கிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்."

"ஏங்க, வண்டி கெளம்புது. அவருகிட்ட உங்களுக்கு என்ன பேச்சு? நம்ம வயலுக்கா தொறக்கப் போறாரு?" என்று சம்சாரம் கையைப் பிடித்து இழுக்கிறார்.

கடைமடைக்காரர் அசைவதாக இல்லை. யாழ்ப்பாணத்து உறவுக்காரருக்கென்று சம்சாரம் வாங்கிவந்து, எங்கே போனதென்று மூன்று நாளாகத் தேடிக்கொண்டிருந்த நாகூர் தம்ரூட் இனிப்புப் பொட்டலம் அவர் பையிலிருந்து வெளியே வருகிறது.

"லஸ்கரை வெறுங்கையோட பாக்கறது மொறை இல்லடி."