சொன்னால் நம்பிவிடும் ரவுட்டர்

கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரர் ஒருவர் வருமானச் சான்று கேட்டால் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று ஒவ்வொருவராகச் சரிபார்ப்பார்கள். சிஸ்கோ ரவுட்டருக்கு அந்தச் சந்தேக புத்தியே கிடையாது. ‘பேண்ட்வித்’ கட்டளையில் எந்த எண்ணைத் தட்டினாலும் நம்பிவிடும். லைனின் வேகம் அதனால் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை; ஆனால் டேட்டா போகும் வழியை அந்த எண்ணை வைத்துத்தான் முடிவு செய்யும்.

சீரியல் போர்ட்டில் ஒன்றும் தட்டாவிட்டால் தானாகவே 1544 கிலோபிட் என்று எழுதிக்கொள்ளும். அது அமெரிக்காவின் டி1 லைன் கணக்கு. நம்மூர் இ1 லைன் 2048.

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு நேராக ஒரு பழைய 64 கிலோபிட் லைன், விழுப்புரம் சுற்றி இரண்டு இ1 என்று வைத்துக்கொள்வோம். வழி தேர்ந்தெடுக்கும் நெறிமுறையான ஓஎஸ்பிஎஃப், 10 கோடியை பிட் கணக்கிலான பேண்ட்வித்தால் வகுத்துச் செலவு போடும்; செலவு குறைந்த வழியே அதன் வழி. 2048 என்று சரியாக எழுதிய இ1 ஒன்றுக்கு 48, இரண்டுக்கு 96. நேர் லைனுக்கு 1562 வந்திருக்க வேண்டும்; அங்கே யாரும் 1544-ஐத் திருத்தாததால் செலவு வெறும் 64! டேட்டா முழுக்க நேர்வழியில் நெரிபடும்; இ1 இரண்டும் ஈ ஓட்டும்.

வேகமான லைன்களிலோ பூரண சமத்துவம்: 100 மெகாபிட், 1 கிகாபிட், 10 கிகாபிட், எல்லாவற்றுக்கும் செலவு 1. அந்த 10 கோடியை எல்லா ரவுட்டரிலும் ஒரேபோல உயர்த்தினால்தான் வித்தியாசம் தெரியும்.

இன்னொரு வழித்தேர்வு நெறிமுறையான இஐஜிஆர்பி கொஞ்சம் விவரமானது. பேண்ட்வித்தோடு தாமதத்தையும் பார்க்கும். அந்தத் தாமதமும் அளந்ததல்ல, எழுதி வைத்ததுதான்.